பன்னிரண்டு சோடி ஸ்பீக்கரும் ஒரு கட்டார் விசாவும்

சேலை விற்கிறவளுக்கு வாங்க வருகிறவரின் கண் ஒன்றுதான் எதிரி. ஸ்பீக்கர் விற்கிறவளுக்கோ அவருடைய காது, வீட்டுச் சுவர், அலுமாரி, பக்கத்து வீட்டுக்காரி என்று எதிரிகள் நான்கு பேர். வீடு வீடாகப் பொருள் கொண்டுபோய்க் காட்டி, இரண்டு தரம் தேநீர் குடித்து, "யோசித்துச் சொல்றம்" என்ற பதிலைக் கட்டிக்கொண்டு திரும்பியவர்கள் யாராவது இதைப் படித்தால், நாமெல்லாம் ஒரே கட்சி. கொஞ்சம் பக்கத்தில் வந்து இருங்கள்.

இவர், அதாவது என் மாப்பிள்ளை (கணவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), ஆறு வருடம் கட்டாரில் இருந்துவிட்டு வந்து, கல்முனையில் எங்கள் வீட்டு முன்னறையைக் கடையாக்கினார். போன் உறையும் சார்ஜரும் விற்கிற கடை. நம்மூரில் அப்படிப்பட்ட கடையை எண்ணத் தொடங்கினால் பொழுது பட்டுவிடும், ஆகவே அது ஓடவில்லை. பழைய முதலாளி மறுபடி விசா அனுப்பினார். நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். கொழும்பிலிருந்து பன்னிரண்டு சோடி புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர் இறக்குவது. மேசையிலோ தட்டிலோ வைக்கிற, ஒரு முழம்கூட உயரமில்லாத, ஆரம்ப விலைப் பெட்டிகள். ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் பன்னிரண்டும் விற்றால் இவர் இங்கே. ஒரு சோடி மிஞ்சினாலும் இவர் விமானத்தில்.

கடைக்குள் வைத்துப் போட்டுக் காட்டினால் பஸ் ஹோர்ன்தான் கேட்கும். எனவே, "மூன்று நாள் வீட்டில் வைத்துக் கேளுங்கள், பிடித்தால் எடுங்கள்" என்று அறிவித்தோம். அறிவித்த பிறகுதான் யோசித்தோம். பகலில் வீட்டில் இருப்பது யார்? பெண்கள். ஆண்கள் வயலில், கடையில், கடலில், இல்லையென்றால் கட்டாரில். பெண்கள் தனியே இருக்கிற வீட்டுக்குள் இவர் எப்படிப் போவது? ஆக, ஸ்பீக்கரைப் பற்றி எல்லாம் தெரிந்த இவர் ஆட்டோவில் பெட்டியை ஏற்றிவந்து கேற்றுக்கு வெளியே நிற்பார். ஒன்றும் தெரியாத நான் உள்ளே போய்ப் பொருத்துவேன். சந்தேகம் வந்தால் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பேன், அந்தப் பக்கமிருந்து விளக்கம் வரும். இப்படித்தான் எங்கள் வியாபாரம் நடந்தது.

நாற்பது கோப்பை

முதல் வீடு நிந்தவூரில். இருபத்தைந்து வயதுத் தங்கச்சி ஒருத்தி. "எங்க வைக்கிற?" என்று கேட்டேன். ஷோகேஸைக் காட்டினாள். நம் வீடுகளில் ஷோகேஸ் இருக்கும், அதற்குள் நல்ல நல்ல தேநீர்க் கோப்பைகள் இருக்கும், அவற்றில் ஒருவரும் தேநீர் குடித்திருக்க மாட்டார்கள். கோப்பைகளை ஒதுக்கி, அங்கே ஒன்று இங்கே ஒன்றாகப் பெட்டிகளை வைத்துக் கிராஅத்தை, அதாவது குர்ஆன் ஓதலைப் போட்டோம். ஓதுகிற காரி குரலை மேலே எடுக்கும்போது ஒரு குறையும் இல்லை. கீழே இறக்கும்போது மட்டும் 'கிணிகிணி' என்று ஒரு சத்தம்.

மதிலுக்கு ஓடினேன். "சுவரில முட்டுதா பாருங்க" என்றார் இவர். முட்டவில்லை. "வயர் இறுக்கமா?" இறுக்கம்தான். முதல் பெட்டியே பழுதாகி வந்திருக்கிறது என்று நினைத்தேன். கடைசியில் அந்தத் தங்கச்சிதான் ஒரு கோப்பையைத் தொட்டாள், சத்தத்தில் பாதி நின்றது. அடுத்ததைத் தொட்டாள், இன்னும் குறைந்தது. பெட்டியில் ஒரு பழுதும் இல்லை, கோப்பைகள்தான் ஒன்றோடு ஒன்று கதைத்துக்கொண்டிருந்தன. நாற்பது கோப்பையையும் சாசரோடு இறக்கிப் பாயில் பரப்பினோம். அதன் பிறகு காரி மூச்சு எடுப்பதுகூடத் தெளிவாகக் கேட்டது, முதல் சோடி விற்றது. நான் சந்தோசமாக அபாயாவைச் சரிசெய்துகொண்டு புறப்படுகிறபோது சந்தைக்குப் போயிருந்த அவளுடைய உம்மா உள்ளே வந்தார். கலியாணமாகாத ஒரு மகள் அவருக்கு மிச்சம் இருக்கிறாள். பாயைப் பார்த்தவர் கையில் இருந்த மீன் பையைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார்:

"கோப்பையெல்லாம் இறக்கி வெச்சிரிக்கு. மாப்புள வீட்டார் வாறாங்களெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லலையே!"

மெலிந்த மௌலவி

இது என் பிழை. மறைக்க மாட்டேன்.

சம்மாந்துறையில் ஒரு சாச்சி, சின்னம்மா முறை சொல்கிற வயது. ஒரு பெட்டியிலிருந்து மற்றப் பெட்டிக்குப் போகிற வயரில் சிவப்பு நுனி ஒன்று, கறுப்பு நுனி ஒன்று. இரண்டு பக்கமும் நிறம் பார்த்துக் கொடுக்க வேண்டும். நான் ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் மாற்றியும் கொடுத்துவிட்டேன். அப்படிக் கொடுத்தால் இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். அடிக்குரல் காணாமல் போகும். மிச்சக் குரல் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் அறை முழுக்க அலையும். எனக்கு அது நன்றாகவே இருந்தது. "பாத்தீங்களா சாச்சி, குரல் எங்க இரிந்து வருதெண்டே தெரியாது, இதுதான் இந்தப் பெட்டிட விசேஷம்" என்று கதை வேறு அளந்தேன். சாச்சி தனக்குப் பிடித்த மௌலவியின் பயானை, அதாவது மார்க்கப் பேச்சைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாம் தரமும் கேட்டார். தலையை ஆட்டவில்லை.

பிறகு இவர் மதிலுக்கு வெளியே இருந்து "சிவப்புக்குச் சிவப்பு, சிவப்புக்குச் சிவப்பு" என்று கத்தி, நான் வயரை மாற்றி, பயான் ஒழுங்காகக் கேட்டு, அந்தச் சோடியும் விற்றது. ஆனால் பிழையை முதலில் பிடித்தவர் இவரல்ல, சாச்சிதான். இந்தத் தொழிலில் காது என்றால் அதுதான் காது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து அவர் சொன்னது இது:

"அந்த மௌலவிய நான் நேரில பாத்திரிக்கன் மகள். நல்ல பருத்த மனிசன். உங்கட பெட்டிக்குள்ள இரிக்கிறவர் மெலிஞ்ச ஆள்."

தறி நின்ற வீடு

மருதமுனையில் கைத்தறி நெய்கிற, எனக்கு அக்கா வயதுள்ள ஒரு ராத்தா ஆசைப்பட்டு அழைத்திருந்தார். தறிக்குப் பக்கத்திலேயே பெட்டிகளை வைக்கச் சொன்னார். நான் போட்டேன். அவர் மிதியை மிதித்தார். 'டக்கடி டக்கடி' என்று தறி தொடங்கியதும் என் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டது போலாகிவிட்டது. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். பெட்டி பாவம், தொண்டை கிழியக் கத்தியது, அப்போதும் தறிதான் கேட்டது.

"கொஞ்சம் நிப்பாட்டிக் கேளுங்களன் ராத்தா" என்றேன். நிறுத்தினார். அவ்வளவுதான், பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் தலையில் சீலையை இழுத்துப் போட்டபடி ஓடி வந்தார்கள். பட்டப்பகலில் அந்த வீட்டுத் தறி நின்றால் யாரோ மௌத்து, இறந்துவிட்டார் என்று அர்த்தமாம். அவர்களுக்கு விளக்கம் சொல்லி அனுப்பவே அரை மணித்தியாலம் போனது. மூன்று நாள் கழித்துப் பெட்டியை எடுக்கப் போனேன். ராத்தா உறையை மடித்து, வயரைச் சுற்றி, வாங்கின மாதிரியே வைத்திருந்தார். நான் அதற்கு என்ன மறுமொழி சொல்வது, நீங்களே சொல்லுங்கள்:

"உங்கட பெட்டியக் கேக்கணுமெண்டா நான் தறிய நிப்பாட்டணும். தறிய நிப்பாட்டினா உங்கட பெட்டிய எப்படி வாங்குற?"

கேள்வி முன்னறையில், பதில் உள்ளறையில்

மாவடிப்பள்ளியில் ஒரு ஹாஜியார் வீடு. வேளாண்மை நன்றாக விளைந்ததற்காகக் கந்தூரி விருந்து வைத்தார்கள். பயான் செய்ய வேண்டிய மௌலவிக்கு அன்று காய்ச்சல். அதனால் அவருடைய பழைய கேள்வி பதில் நிகழ்ச்சி ஒன்றைப் போனில் எடுத்து, பரீட்சைக்கு வைத்திருந்த எங்கள் ஸ்பீக்கரில் போடுவது என்று முடிவு. அஸர் தொழுகை முடிந்து ஆண்கள் முன்னறையில் இருந்தார்கள், இவரும் அவர்களோடு. அன்றைக்கு மட்டும் இவருக்கு மதிலுக்கு உள்ளே இடம் கிடைத்தது. திரைக்கு அந்தப் பக்கம், உள்ளறையில், பெண்களோடு நான்.

எங்களுக்குத் தெரியாமல் ஹாஜியார் மனைவி ஒரு வேலை பார்த்திருந்தார். இரண்டு பெட்டி இருக்கிறது, இரண்டு அறை இருக்கிறது. நீளமான வயர் வாங்கி, ஆண்களுக்கு ஒரு பெட்டி, பெண்களுக்கு ஒரு பெட்டி என்று நியாயமாகப் பங்கு வைத்துவிட்டார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் அந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்தவர், கேட்கிறவருக்கு ஒரு மைக், சொல்கிறவருக்கு ஒரு மைக் என்று வைத்து, ஒன்றை இடது பெட்டிக்கும் மற்றதை வலது பெட்டிக்குமாகப் பிரித்து விட்டிருந்தார்.

உள்ளறையில் முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மௌலவியின் குரல்: "அது கூடாது." பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மறுபடி அமைதி. "அதுவும் கூடாது." ஒரு மூத்தம்மா கையில் இருந்த வட்டிலப்பத்தை மெதுவாகக் கீழே வைத்தார். அமைதி. "மனைவியிடம் கேட்டுவிட்டுச் செய்வதுதான் நல்லது." உள்ளறை முழுக்க "ஓம், ஓம்" என்று ஒரே ஆரவாரம், திரும்பப் போடச் சொல்லி ஒருவர் எழும்பியே விட்டார். முன்னறையிலோ கேள்வி மட்டும்தானாம். "ஒருவர் வாக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோனால் என்ன செய்வது?" ஆண்கள் எல்லோரும் முன்னே குனிந்து காத்திருக்கிறார்கள். பதில் இல்லை. அடுத்த கேள்வி. அதற்கும் பதில் இல்லை. ஐந்தாவது கேள்வியில் ஹாஜியார் வியர்த்துப்போய் இவரைப் பார்த்திருக்கிறார்.

இவர் போனை வாங்கி, இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வருகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார். நான் உள்ளே கூனிக் குறுகி இருந்தேன், இந்த வீடு கைவிட்டுப் போனது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஹாஜியார் அறைக்கு ஒரு சோடியாக இரண்டு சோடி எடுத்தார். ஏழு முடிந்தது. புறப்படும்போது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் சொன்னார்:

"அத மாத்தாம விட்டிரிக்கலாம் புள்ள. நம்மட வீட்டுல எப்பவும் கேள்வி அங்கால இரிந்துதான் வரும், பதில் இங்கால இரிந்துதான் போகும்."

ஒலுவிலில் ஓர் இரைச்சல்

ஒலுவிலில் ஒரு மீனவர் வீடு. அன்று கடலுக்குப் போகவில்லை, வீட்டில் இருந்தார், அவர் மனைவியும் இருந்தார். எல்லாம் சரியாகத்தான் வைத்தேன். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கேட்கிறவரின் காது உயரத்துக்கு, இரண்டும் கொஞ்சம் உள்ளே திரும்பி. இவர் மதிலுக்கு வெளியே நின்று பாடம் எடுத்து எடுத்து நானும் ஒரு மாதிரி தேறிவிட்டேன்.

"எல்லாம் நல்லம் தங்கச்சி, பின்னால ஒரு இரைச்சல் வருது" என்றார் அந்த மீனவக் காக்கா (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்). எனக்கும் கேட்டது. 'ஷ்ஷ்' என்று ஓர் இரைச்சல். போனை நிறுத்தினேன், இரைச்சல் நிற்கவில்லை. பெட்டியின் சுவிட்சை அணைத்தேன், நிற்கவில்லை. வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அப்போதும் நிற்கவில்லை. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நாள் முழுக்கக் கேட்கிறதைக் காது எங்கோ ஒதுக்கி வைத்துவிடும். புதிதாக ஒன்றை உற்றுக் கேட்கத் தொடங்கினால்தான் அதுவும் சேர்ந்து கேட்கும். காக்கா பின் கதவைத் திறந்தார். தென்னைகள் நின்ற இடத்தில் இப்போது தென்னைகள் இல்லை. அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை:

"பெட்டில பிழை இல்ல தங்கச்சி. கடல்தான் கிட்ட வந்திட்டுது."

லீவு நாள்

பதினொன்று விற்றாயிற்று. பெருநாளுக்கு நான்கு நாள். இவர் அலுமாரிக்கு மேல் இருந்த சூட்கேஸை இறக்கித் தூசு தட்டி வைத்திருந்தார். சும்மா ஒரு முன்னேற்பாடு என்றார். நான் அதைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அதுவும் முன்னேற்பாடுதான்.

கடைசிச் சோடிக்கு சாய்ந்தமருதிலிருந்து அழைப்பு வந்தது. சின்னப் பெட்டை, வயது முப்பது இருக்காது, மாப்பிள்ளை கட்டாரில். வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த நேரம். இவர் வழக்கம் போலக் கேற்றுக்கு வெளியே. சின்ன வீடு, ஓர் அறை தாண்டினால் வீதி. எல்லாரும் கிராஅத்தோ பயானோ போட்டுத்தான் கேட்பார்கள். இவள் காலையில் மாப்பிள்ளை அனுப்பிய குரல் செய்தியைப் போட்டாள். "அவர்ட குரல் நல்லாக் கேட்டா எடுக்கன் ராத்தா" என்றாள். விற்றுவிட்டது என்றே நினைத்தேன்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமதானே, லீவு. சாப்பிட்டுட்டுப் படுத்துக் கிடக்கன். நீங்க ஒண்டும் யோசிக்க வேணாம்" என்று அந்த மனிதர் சொன்னார். நல்ல தெளிவான குரல், பக்கத்தில் இருந்து கதைக்கிற மாதிரி. அவருக்குப் பின்னால் இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம். யாரோ ஹிந்தியில் அதட்டுகிற சத்தம். லொறி ஒன்று பின்னுக்கு எடுக்கிற 'பீப் பீப்'. அவள் மறுபடி போட்டாள். மூன்றாம் தரம் போட்டாள். பிறகு ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, போனைக் காதில் வைத்துக் கேட்டாள். எனக்கும் தந்தாள். போனில் லொறியும் இல்லை, இரும்பும் இல்லை, அவர் குரல் மட்டும்தான்.

விற்க வந்தவள் நான், பெட்டியின் வயரைக் கழற்றிச் சுற்றத் தொடங்கினேன். அவள் அழவில்லை. போனை நெஞ்சில் அணைத்தபடி மெதுவாகச் சொன்னாள்: "பெட்டி நல்ல பெட்டி ராத்தா. எனக்கு வேணாம். போன்ல கேட்டா அவர் லீவுலதான் இரிக்கார்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். விற்கவில்லை என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. சத்தம் வீதி வரை கேட்டிருக்கிறது. இவர் ஆட்டோவின் கம்பியைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏறினேன். கடைத்தெரு வந்தது. ஆறு வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்கு வந்த செய்திகள் எனக்கு மனப்பாடம். அவற்றில் ஒன்றிலும் லொறி இருந்ததில்லை. நானும் போனில்தானே கேட்டேன்.

"உங்களுக்கும் லீவு இரிக்கல்லயா?" என்று முதுகைப் பார்த்துக் கேட்டேன். இவர் ஆட்டோவின் வேகத்தைக் கூட்டினார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் ஒரே முந்தானையில் துடைத்தேன். வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, திரும்பாமலே இவர் சொன்னார்:

"பெட்டிய நம்மட வீட்டுக்குள்ளயே வெய்ங்க. விசா வேணாமெண்டு நான் இப்பவே சொல்லிடுறன்."

ஆக, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒரு சோடி ஸ்பீக்கரும் ஒரு மாப்பிள்ளையும், இரண்டும் காலையிலிருந்து மாறி மாறிக் கதைத்துக்கொண்டே இருக்கின்றன, ஒன்றுக்குத்தான் சத்தம் குறைக்கிற குமிழ் வைத்திருக்கிறார்கள்.